எல்லாரையும் அட்மின் ஆக்கிய அக்கா

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அங்கே ஒரு முகூர்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் தக்காளி டிரேக்களின் மேல் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிரேக்களைக் கவிழ்த்துப் போட்டு, மேலே வெள்ளை வேட்டி விரித்து, ஓரத்தில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இப்பல்லாம் இதுதான் டிசைனா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. அடியில காத்தோட்டமா இருக்கும்” என்றார் மண்டபத்தை நடத்திவந்த அக்கா.

நாற்காலிகள் அன்றைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இருந்தன. முந்தின நாள் ஒரு வாத்தியார் வந்து கேட்டிருக்கிறார். மறுநாள் முகூர்த்தம் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். “பசங்க தரையில உக்காந்தா சட்டை அழுக்காயிடும்னு சொன்னாருங்க தம்பி. அதுக்கு மேல நான் என்னத்தை சொல்றது?” என்று என்னிடம் கேட்டார். அதற்கு மேல் ‘இல்லை’ என்று சொல்லலாம். அக்காவுக்கு அந்தச் சொல் மட்டும் வராது. மற்றபடி தமிழும், வீட்டுக்குள் கன்னடமும், சந்தைக்குப் போனால் தெலுங்கும் சரளமாகப் பேசுவார். எந்த மொழியிலும் அந்த ஒரு சொல் கிடையாது.

அவருடைய வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு அதிகம் தெரியாது. அதனால் ஊரில் எல்லாரும் அவர் வெளியே போகிற நேரம் பார்த்துத்தான் வருவார்கள். இதைக் கண்டுபிடித்து அவர் ஒரு பலகையில் ‘மண்டபப் பொருட்கள் யாருக்கும் இரவல் தரப்படாது’ என்று பெயிண்டில் எழுதி வாசலில் மாட்டினார். அடுத்த வாரம் பலகை இல்லை. கோழிக்கூண்டுக்குக் கதவு வைக்க அளவாக இருக்கிறது என்று ஒருத்தர் கேட்டு வாங்கிப் போய்விட்டார்.

இன்னொரு தடவை, தெருவில் ஒரு பெண்ணைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வீடு சின்னது. “உங்க வூட்டை ஒரு மத்தியானம் குடுக்கறீங்களாக்கா?” என்று அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார். அக்கா வீட்டைக் கொடுத்துவிட்டு, மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டார். அவர் வெயிலில் வந்து தன் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடம் முழுக்க ஜமக்காளம் விரித்து யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். “வாங்க வாங்க, மாப்ளைக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டு ஒரு தட்டு பஜ்ஜியை நீட்டினார்கள். அவர் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பெண் நல்ல பெண் என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வெளியே வந்தாராம். அந்தச் சம்பந்தம் அமைந்தது. அந்தக் கல்யாணத்துக்கு மண்டபம் என்ன வாடகைக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் அந்தக் கதைக்குள் வந்தது வெப்சைட் வழியாக. பாலக்கோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல் அறை எடுத்து, ஊர்க்காரர்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். இனிமேல் மண்டபத்தை யாரும் நேரில் வந்து கேட்க மாட்டார்கள், போனிலேயே தேதி பார்த்துப் பதிவு செய்வார்கள் என்று அவள்தான் சொல்லி, என்னைப் பிடித்துக் கொடுத்தாள். அதில் ஒரு லாபமும் கண்டிருந்தாள். “தேதி இல்லைன்னா இல்லைன்னு அதுவே சொல்லிடும்ல அண்ணா? அம்மா சொல்ல வேண்டியதில்லை” என்றாள்.

மண்டபத்தின் படங்கள், சமையல்கூடத்தின் படம், வண்டி நிறுத்துகிற இடம் எல்லாம் போட்டு ஒரு சைட் செய்தேன். அதோடு பதிவுக்காக ஒரு ப்ளகின் சேர்த்தேன். ப்ளகின் என்றால், டிராக்டருக்குப் பின்னால் கலப்பையை மாட்டுவதுபோல் சைட்டோடு மாட்டிக்கொள்கிற ஒரு துணை மென்பொருள். இது ஒரு காலண்டரைக் காட்டும். காலியாக இருக்கிற நாளைத் தொட்டால் பதிவாகும். பதிவான நாளைத் தொட்டால் முடியாது என்று சொல்லிவிடும்.

எல்லாம் முடிந்ததும் மண்டபத்து அலுவலக அறையில் அக்காவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

“இதுக்குள்ள யாரு என்ன செய்யலாம்னு நீங்கதான்க்கா பிரிச்சு வுடணும். அட்மின்னா எல்லாத்தையும் மாத்தலாம். எடிட்டர்னா எழுதலாம், படம் போடலாம். கடைசியா சந்தாதாரர்னு ஒண்ணு இருக்குது. அவங்க உள்ள வந்து பாத்துட்டுப் போவலாம். எதையும் தொட முடியாது.”

“தொடவே முடியாதா?”

“முடியாதுக்கா.”

அக்காவின் முகம் வாடிவிட்டது. “பந்தியில உக்கார வெச்சு, எலையைப் போட்டு, தண்ணியும் தெளிச்சுட்டு, சோறு போடாம வுட்ட மாதிரி இருக்குதே தம்பி. பாவமில்ல?”

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரே வாரத்தில் பூ அலங்காரக்காரர் அட்மின் ஆனார். தன் மேடை அலங்காரப் படம் இரண்டு போட வேண்டும் என்று கேட்டாராம். சமையல்காரர் கேட்டார், அவரும் ஆனார். நாதஸ்வரக்காரர் கேட்கவே இல்லை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு அவருக்குக் கொடுக்காமல் இருந்தால் மனசு சங்கடப்படுவார் என்று அக்காவே கூப்பிட்டுக் கொடுத்தார். காலையில் பால் ஊற்ற வந்தவர் “என்னக்கா போன்ல நோண்டிக்கிட்டிருக்கறீங்க?” என்று கேட்டார். அவரும் அட்மின்.

பால்காரர் அதை வீணாக்கவில்லை. மறுநாள் நான் சைட்டைத் திறந்தால், மணமகள் அறையின் படம் இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கறவை மாடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. கீழே நான் எழுதியிருந்த வாசகம் அப்படியே இருந்தது: ‘குளிரூட்டப்பட்டது. இருவர் வசதியாகத் தங்கலாம். இணைந்த குளியலறை உண்டு.’ கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் போன் செய்து, கன்றுக்குட்டியோடு கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

நான் மாட்டை எடுத்தேன். மத்தியானத்துக்குள் மாடு திரும்பி வந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

“வித்துட்டா அவரே எடுத்துடுவாரு தம்பி. அதுவரைக்கும் ஒரு ஓரமா நிக்கட்டுமே. என்னா, தீனியா கேக்குது?”

மாடு விற்றுப்போனது. அந்த சைட்டின் வழியாக நடந்த முதல் வியாபாரம் அதுதான். வாங்கியவர் ஓட்டிப் போக வந்த இடத்தில் மண்டபத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் மகள் கல்யாணத்துக்குப் பேசி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அக்காவிடம் எதுவும் வாதாட முடியவில்லை.

சிக்கல் ஆடி மாசத்தில் வந்தது. ஆடியில் கல்யாணம் இருக்காது. ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்கு எல்லாரும் மண்டபம் தேடி ஓடுகிற காலம் அது. ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தார்.

“தம்பி, என் மண்டபத்துக்குள்ள என்னையவே வுடமாட்டேங்குது.”

பூட்டு கெட்டுவிட்டது என்று நினைத்து, “மாமாகிட்ட இன்னொரு சாவி இருக்குமேக்கா” என்றேன். அக்காவை அக்கா என்று கூப்பிட்டதால் அவருடைய வீட்டுக்காரர் எனக்கு மாமா.

“வாசல் இல்ல தம்பி. போன்ல இருக்குதே, அந்த மண்டபம். ஒரே நாளுக்கு ரெண்டு கல்யாணம் பதிவாயிருக்குது. என்னான்னு பாக்கலாம்னு அந்த ப்ளகின் செட்டிங்கைத் தொட்டா, ‘மன்னிக்கவும், இந்தப் பக்கத்தை அணுக உங்களுக்கு அனுமதி இல்லை’ங்குது.” குரலை இறக்கி, “எவ்ளோ மரியாதையா சொல்லுது பாருங்க தம்பி. மன்னிப்புக் கேட்டுட்டு, அப்புறம் சொல்லுது. மனசே நோவலை” என்றார்.

எனக்கு நொந்தது. ஒரே ஆவணி முகூர்த்தத்தில் மாரண்டஹள்ளி விவசாயக் குடும்பம் ஒன்றின் கல்யாணம். அதே நாளில் பொம்மிடியில் ரயில்வே வேலையில் இருக்கிற ஒருவருடைய மகள் கல்யாணம். அது கிறிஸ்தவக் குடும்பம், மாப்பிள்ளை பாலக்கோடு. இரண்டு பேருக்கும் ‘வாழ்த்துகள், மண்டபம் உறுதி’ என்று சைட்டே மெயில் அனுப்பியிருந்தது. இரண்டு வீட்டிலும் பத்திரிகை அச்சுக்குப் போக இருந்தது. மண்டப வாசலில் இரண்டு மாப்பிள்ளைகள் மாலையோடு இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். இவை போதாதென்று இன்னொரு பதிவும் அதே நாளுக்கு விழுந்திருந்தது. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ‘குலதெய்வம் துணை’ என்று மட்டும் இருந்தது.

வழக்கமாக இந்த மாதிரிப் பிழைக்கு என்ன பார்ப்போமோ அதையெல்லாம் போனிலேயே சொன்னேன். வெளியே வந்து மறுபடி உள்ளே போகச் சொன்னேன். பழைய பக்கங்களை அழிக்கச் சொன்னேன். வேறு போனில் பார்க்கச் சொன்னேன். எதுவும் பலிக்கவில்லை. நானே உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்று என் பெயரில் நுழைந்தேன். ‘மன்னிக்கவும்’ என்று எனக்கும் சொன்னது. சைட்டைக் கட்டினவன் நான். என்னைச் சந்தாதாரர் என்று காட்டியது.

வண்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

“அக்கா, உங்க அட்மின் பதவியை யாராச்சும் மாத்துனாங்களா?”

அக்கா தரையைப் பார்த்தார். “நான்தான் தம்பி எறங்கிக்கிட்டேன்.”

“எங்க எறங்குனீங்க?”

“எங்க அண்ணி கேட்டாங்க.” அண்ணி என்றால் மாமாவோடு பிறந்த மூத்தவர், அக்காவுக்கு நாத்தனார். அரூர் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். “பால்காரனுக்கெல்லாம் குடுத்திருக்கற, கூடப் பொறந்தவ எனக்கு ஒண்ணுமில்லையான்னாங்க. நாயந்தானே? ஏத்தி வுட்டேன். அப்புறம் யோசிச்சேன். பெரியவங்க அந்தப் பதவியில இருக்கறப்ப, நானும் அதே பதவியில காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? நானே எறங்கலாம்னு பாத்தேன், அது வுடலை. அதனால, உங்க கையாலேயே எறக்கி வுட்டுடுங்க அண்ணின்னு சொன்னேன்.”

அண்ணி இறக்கிவிட்டிருக்கிறார். இறக்கும்போது பட்டியலைப் பார்த்திருக்கிறார். சமையல்காரர், பால்காரர், நாதஸ்வரக்காரர், நான் எல்லாரும் தனக்குச் சமமாக வரிசையில் இருப்பதைப் பார்த்ததும், மொத்தப் பேரையும் ஒரேயடியாகச் சந்தாதாரர் ஆக்கிவிட்டார். இப்போது அந்த சைட்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு அட்மின். அவருடைய போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

“தீர்த்தமலைக்குப் போயிருக்காங்க. சாமிகிட்டப் போறப்ப போனு எதுக்குன்னு அமத்தி வெச்சுடுவாங்க” என்றார் அக்கா. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் ‘டிங்’ என்றது. அதே நாளுக்கு இன்னொரு பதிவு.

இன்னும் ஒரு வழி இருந்தது. சைட் தங்கியிருக்கிற சர்வரின் கணக்குக்குள் போனால், யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் சரி செய்யலாம். அந்தக் கணக்கு மாமாவின் போன் நம்பரில் இருந்தது. ஓடிபி அவருக்குத்தான் வரும். மாமா சமையல்கூடத்தில் டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தார்.

“மாமா, உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அதைச் சொல்லுங்க.”

“சொல்லக் கூடாது.”

“இது பேங்க் ஓடிபி இல்லைங்க மாமா.”

“அப்புடித்தான் சொல்லுவாங்கன்னு பேங்க்லயே சொல்லியிருக்காங்க.”

அக்கா வந்து கெஞ்சினார். “பொண்டாட்டிகிட்டயுமா சொல்லக் கூடாது?”

“உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி” என்றார் மாமா. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, எங்களிடம் சொல்ல வேண்டாம், நீங்களே அடியுங்கள் என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். எங்களைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். நின்றோம். துண்டை எடுத்துத் தலையோடு லேப்டாப்பையும் சேர்த்து மூடிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் தேடி அடித்தார். அவர் அடித்து முடிப்பதற்குள் அந்த ஓடிபியின் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி வந்தது. மறுபடி துண்டு. நாலைந்து தடவைக்குப் பிறகு, தவறான முயற்சிகள் அதிகமாகிவிட்டன, நாளைக்கு வாருங்கள் என்று சர்வர்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பாத்தியா, அவங்களே தரமாட்டேன்ங்கறாங்க” என்றார் பெருமையாக.

டிங்.

நானும் அக்காவும் தீர்த்தமலைக்குப் பஸ் ஏறினோம். தர்மபுரியில் மாறி அரூர் பஸ்ஸில் நல்ல இடமாகக் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் அக்கா தன் இடத்தை ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. அடுத்து ஏறிய ஒருவருக்கு என் இடத்தையும் கொடுத்தார். “தம்பிக்கு எளவயசுதானேங்க, நிக்கும்.” அரூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியில் போன் இன்னும் சில தடவை டிங் என்றது. அக்கா ஒவ்வொரு தடவையும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “பாவம், யாரு வூட்டுப் பொண்ணோ” என்றார்.

மலைப்படியில் பாதி ஏறியதும் அண்ணியைக் கண்டுபிடித்துவிட்டோம். தீர்த்தத்தில் குளித்து முடித்து ஈரத்தலையோடு படியோரம் உட்கார்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

“என்ன இவ்ளோ தூரம்? வூட்ல அவன் நல்லாருக்கான்ல?”

அக்கா மூச்சு வாங்க நின்றார். இடுப்பில் கை வைத்தார். நெற்றியைத் துடைத்தார். “நல்லாருக்காருங்க அண்ணி. சும்மாத்தான். உங்களைப் பாத்து நாளாச்சேன்னு வந்தேன்” என்றார்.

நான் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு நானேதான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கல்யாணம், அதற்கு மேல் வந்துகொண்டே இருக்கிற பதிவுகள், இன்றைக்கு அச்சுக்குப் போகிற பத்திரிகைகள்.

“ஓ, அந்த டிக்கா? அது நான் அடிச்சதுதான்” என்றார் அண்ணி, கொஞ்சமும் கலங்காமல். “எம் பேரனுக்குக் காது குத்த அந்த நாளுதான் பாத்துக் குடுத்தாங்க. தேதியைத் தொட்டா, ஏற்கெனவே ஒரு கல்யாணம் இருக்குது, முடியாதுங்குது. எந்தம்பி மண்டபத்துல எனக்கு முடியாதுன்னு சொல்ல அது யாரு? உள்ள பூந்து தேடுனேன். ‘ஒரே நாளில் பல பதிவுகளை அனுமதி’ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அடிச்சேன் டிக்கு. அப்புறம் வாயைத் தொறக்கலையே!”

குலதெய்வம் துணை யாரென்று தெரிந்துவிட்டது. முதலில் பதிவானது மாரண்டஹள்ளிக் கல்யாணம். இவர் அடித்த டிக்கினால் திறந்த வழியில் பொம்மிடிக் கல்யாணம் நுழைந்திருக்கிறது.

அண்ணியின் போனை உயிர்ப்பித்து, டவர் ஒரு கோடு கிடைக்கிற படிவரைக்கும் அவர்களோடு இறங்கி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அண்ணியின் பெயரில் ப்ளகின் செட்டிங்கைத் திறந்தேன். ஒரு குரங்கு வந்து போனை நோக்கிக் கையை நீட்டியது. நான் விரட்டுவதற்குள் அக்கா அண்ணியின் புளியோதரையை எடுத்து அதன் கையில் வைத்துவிட்டார். அது மரியாதையாக வாங்கிக்கொண்டு போனது. டிக்கை எடுத்தேன். அக்காவை மறுபடி அட்மின் ஆக்கினேன். என்னையும் ஆக்கிக்கொண்டேன். டிங் நின்றது.

“எல்லாம் சரிங்க. அப்ப எம் பேரன் காதுகுத்து?” என்றார் அண்ணி.

அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. மண்டபம் என்னுடையதில்லை, அண்ணியும் என்னுடைய அண்ணியில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மலையைப் பார்த்தார். குரங்கைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த நாத்தனாரிடம் அவர் எதையும் மறுத்ததில்லை. நாத்தனார் கேட்ட பதவிக்காகத் தன் மண்டபத்திலிருந்தே இறங்கிப் போனவர். கண் நிறைந்துவிட்டது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நேராக நின்று சொன்னார்:

“மன்னிக்கவும் அண்ணி. இந்தத் தேதியை அணுக உங்களுக்கு அனுமதி இல்லைங்க.”

படியில் போகிறவர்கள் இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி வாயைத் திறந்தபடி இருந்தார். அக்கா பக்கத்துக் கல்தூணைப் பிடித்துக்கொண்டார்.

“யாருடி உனக்கு இப்புடியெல்லாம் பேசச் சொல்லிக் குடுத்தது?”

“அதுதாங்க அண்ணி. போன்ல வர்றது.”

அண்ணிக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஈரத்தலை அவிழ்ந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார். “மன்னிக்கவுமாம்! அனுமதி இல்லையாம்! எந்தம்பி கூட எங்கிட்ட இவ்ளோ மரியாதையா பேசுனதில்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி வுடு. மண்டபம் இல்லைன்னா போவுது. உங்க வூட்ல வெச்சுக்கறேன்.”

“அதுக்கென்னங்க அண்ணி, தாராளமா வெச்சுக்குங்க” என்றார் அக்கா. அண்ணி சொல்லி முடிக்கக்கூட இல்லை.

மற்றவர்கள் கதை எளிதாக முடிந்தது. அதே நாளுக்குப் பதிவு செய்திருந்த மீதிப் பேருக்கு நானே போன் செய்து, வேறு தேதி கொடுத்தேன். அட்மின் வேலை போன சமையல்காரரும் பூக்காரரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சந்தாதாரராகவே விட அக்கா சம்மதிக்கவில்லை. அதனால் சைட்டில் புதிதாக ஒரு பதவி செய்தேன். அதற்கு ‘கௌரவத் தலைவர்’ என்று பெயர் வைத்தேன். உள்ளே வந்து பார்க்கலாம், எதையும் தொட முடியாது. பழைய சந்தாதாரர்தான், பட்டுச்சட்டை போட்டிருந்தார். எல்லாருக்கும் பரம சந்தோஷம். சமையல்காரர் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டார். அண்ணிக்கு மட்டும் ‘தலைமை’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தேன். ஒரு நாள் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்கும் ஒன்று போட முடியுமா என்று கேட்டார். பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

இரண்டு கல்யாண வீட்டுக்கும் அக்கா நேரிலேயே போய்வந்தார். மாரண்டஹள்ளிக்காரர்களுக்கு விடியற்காலை முகூர்த்தம், காலைச் சாப்பாட்டோடு கிளம்பிவிடலாம். பொம்மிடிக்காரர்களுக்கு முற்பகலில் சர்ச்சில் திருமணம், மதியச் சாப்பாடும் சர்ச் பக்கத்திலேயே. மாலை ரிசப்ஷனுக்குத்தான் மண்டபம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அக்கா வாசலில் வந்து நின்று கேட்டால், மற்றவர்களுக்கும் அந்தச் சொல் வராது போலிருக்கிறது.

அந்த நாள் நான் அங்கேயே இருந்தேன். மேடையில் தெர்மாகோல் எழுத்துகளைக் கழற்றி மாட்டுகிற அவசரத்தில், சாயங்கால மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் காலைப் பெண்ணின் பெயர் கொஞ்ச நேரம் நின்றது. காலைப் பெண்ணின் சித்தப்பா அதைப் பார்த்துக் கத்தத் தொடங்கியதும், கௌரவத் தலைவர் நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் மாதிரி ஒன்றை வாசித்து அவரை அடக்கினார். அக்காவின் வீட்டில் காது குத்தியதும் குழந்தை அழுதது, தெரு முழுக்கச் சாப்பாடு. மொரப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் காலையில் மண்டபத்திலும், மத்தியானம் அக்காவின் வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு, ரிசப்ஷனுக்கும் முன்கூட்டியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் ஒரே வீட்டு விசேஷம் என்று நினைத்திருந்தார். என்ன பெரிய மனசுக்காரர்கள் என்று என்னிடம் வியந்தார்.

சாயங்கால வெயிலில், மண்டபத்துப் பின்படியில் அக்கா ஒரு கிண்ணத்தில் தயிர்சோறு பிசைந்துகொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்ட முதல் சோறு அது. எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்.

“அண்ணியை அப்புடி சொல்லியிருக்கக் கூடாது தம்பி.”

“சொன்னதாலதான்க்கா இன்னிக்கு எல்லாம் நடந்துச்சு.”

அக்கா இன்னொரு வாய் சோற்றை மென்று விழுங்கினார். “ஆனா ஒண்ணு. சொன்னப்புறம் வயிறு லேசா இருந்துச்சு. இது தெரியாம இத்தனை நாளு இருந்துட்டேனேன்னு தோணுச்சு. இன்னொருவாட்டி சொல்லிப் பாக்கணும் தம்பி. போனைப் பாக்காம, சொந்தமா.”

அப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் காலி கேனோடு வேலியைத் தாண்டி வந்தார். “யக்கா, தக்காளிக்குத் தண்ணி பாயறது பாதியில நின்னுபோச்சு. இஞ்சினுக்கு டீசல் தீந்துடுச்சு. கரண்டும் எப்ப வரும்னு தெரியலை. உங்க ஜெனரேட்டர்ல இருக்குதுங்களா?”

ரிசப்ஷன் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. மண்டபத்தின் விளக்குகள் அத்தனையும் அந்த ஜெனரேட்டரில் எரிந்துகொண்டிருந்தன. அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்து, சொல்லுங்க என்று கண்ணால் காட்டினேன். அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சை நன்றாக இழுத்தார்.

“இல்...”

தோட்டத்துக்காரரின் முகம் சுருங்கியது.

“...லாம என்னாங்க, கேனைக் குடுங்க” என்றார் அக்கா.

நான் கையைக் கழுவிக்கொண்டு, பாலக்கோட்டுக்கு டீசல் வாங்கிவரக் கிளம்பினேன்.